லிங்கேஷ் மிஸ்

கட்டபெட்டுப் பள்ளியில்
எனக்கென்று பெயர் கிடையாது.
ஹெலன் டீச்சர் கணக்கு மிஸ்.
நான் லிங்கேஷ் மிஸ்.
தமயந்தி என்பது
சம்பளம் வரும் நாளில்
பேங்க் மெசேஜில் மட்டும் வரும்.

நாற்காலியும் கிடையாது.
அவன் பெஞ்சில் முக்கால் அவனுக்கு,
கால் எனக்கு.
முழங்கால் மோவாயை இடிக்க
இரண்டு, மூன்று, நான்கு என்று
நானும் வகுப்பு ஏறி வந்திருக்கிறேன்.

பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா இருக்கிறேன்.
சும்மா இருப்பது எவ்வளவு வேலை தெரியுமா?
பென்சில் டப்பாவின் மூடியை
அவன் விரல்
தட்டித் தட்டித் தட்டித்
திறப்பதற்குள்
கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கு
மீதி வரைக்கும் போய்விடும்.
அதுவரை என் வலது கையை
இடது கையால் பிடித்துக்கொண்டிருப்பேன்.

முதல் வருஷம் இது தெரியவில்லை.
யானைக்குக் கோடு தாண்டாமல் கலர் அடித்தது நான்.
அந்த அழகான 'அ'வும் நான்தான்.
அவன் அம்மா அந்த நோட்டைக்
கேரட் கழுவுகிற இடத்தில்
ஈரக்கையோடு எல்லாருக்கும் காட்டினாளாம்.
இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு ஃபேக்டரியில் சங்கு ஊதும்.
எங்களுக்கு அது டீக்கு மணி,
அவனுக்கு வானம் கிழிகிற சத்தம்.
பெஞ்சுக்கடியில் போய் மணிக்கட்டைக் கடிப்பான்.
ஒருமுறை என் மணிக்கட்டு.
தழும்பை வளையல் மறைக்கும்.
அதனால் பதினொன்று இருபத்தொன்பதுக்கே
என் உள்ளங்கைகள் அவன் காதில் இருக்கும்.
பனி ஜன்னல் வழியாக வந்து
கரும்பலகையை அழித்துவிட்டுப் போகிற நாளிலும்
கடிகாரத்தை மட்டும் விடமாட்டேன்.

போன வாரம்
வட்டார வள மையத்திலிருந்து தாள் வந்தது.
மாணவனுக்குத் தனித்துணை இனியும் தேவையா?
ஆம், இல்லை. ஒன்றில் டிக் செய்யவும்.
மழை நாளில் தேவை,
தமிழ் பீரியடில் தேவையே இல்லை என்றெல்லாம் எழுத
கட்டத்தில் இடம் இல்லை.
ஆம் என்று போட்டால் அவன் தேறவில்லை.
இல்லை என்று போட்டால்
ஜூனிலிருந்து எனக்குக் கொழுந்துப் பை.
சம்பளத்தை நினைத்தாயா என்று கேட்டால்
நினைத்தேன்.
இரண்டு ராத்திரி.

இன்று காலை மகளின் சாதிச் சான்றிதழுக்காகக்
கோத்தகிரி தாலுகா ஆபீஸ்.
திரும்புகையில் கற்பூர மரம் ரோட்டில் விழுந்து
பஸ் நின்றது.
இறங்கி நடந்தேன், நடை பாதி ஓட்டமானது.
இரண்டாவது வளைவில்
சங்கு ஊதியது.

மழையில் தேயிலைக்கு நடுவே
என் கைகள் தாமாக மேலே போயின,
பொத்துவதற்குக் காது இல்லாமல்.

வகுப்பு வாசலிலேயே ரிஸ்வானா பிடித்துக்கொண்டாள்.
"கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தான் மிஸ்.
அவனே பொத்திக்கிட்டான்.
என்னையும் பாத்து, பொத்துன்னான்.
நானும் பொத்திக்கிட்டேன்.
ஆனா கணக்கு நோட்டுல நாலு பக்கம் கிழிச்சுட்டான்."

நான் உட்காரும் இடத்தில்
அவன் பை இருந்தது.
என்னைப் பார்க்காமல்
கொஞ்சம் நகர்த்தினான்.
கால்கூட இல்லை,
அரைக்கால் இருக்கும்.
உட்கார்ந்தேன்.

என் பைக்குள் அந்தத் தாள் நனைந்து
ஆமும் இல்லையும்
ஒன்றில் ஒன்று ஊறியிருந்தன.
வேறு தாள் கேட்க வேண்டும்.

கிழிந்த பக்கங்களை எடுத்து ஒட்டலாமென்று
கை போனது.
இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.
பசை டப்பா அவன் பக்கம்தான் இருக்கிறது.
மூடி கொஞ்சம் இறுக்கம்.